ஆறாத முட்டிக்கு நான் சொன்ன சாட்சி

என்னைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன். பரவாயில்லை. போன ஆகஸ்ட் மாதம் இதே இடத்தில் நின்று, ஆண்டவர் என் வலது முட்டியைக் குணமாக்கிவிட்டார் என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். அது பொய். அந்தப் பொய்யை நம்பி, முன்பின் தெரியாத ஒரு பெண் தனக்கு நடக்க வேண்டிய ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் வாயால் அவள் கால் போயிருக்கும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஸ்தோத்திரம் எல்லாம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், முதலில் கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் பியூலா. அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு த்ரோபால் சொல்லித்தருகிறேன். கால் வலிக்கிறது என்று அம்மாவிடம் கடிதம் எழுதி வாங்கி வரும் பிள்ளைகளை எனக்கு அறவே பிடிக்காது. அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். இங்கே ஆராதனையில் பாட்டு முடிவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறவர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். யார் யார் எந்த வரியில் உட்காருவீர்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். உடம்பு நோகிறது என்று சொல்கிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள், விசுவாசம் இல்லாதவர்கள். அதுதான் அப்போது என் எண்ணம். அவ்வளவு திமிர்.

ஜூலை மாதம் இரண்டாவது வாரம். காலையில் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. போட்டி நெருங்கிவிட்டதால் பயிற்சியை நிறுத்த மனமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உயரமாக வரும் பந்தை எகிறிப் பிடிக்கப் பயந்தாள். "என்னடி பூனை மாதிரி பம்முற, எகிறு" என்று திட்டிவிட்டு, நானே எகிறிக் காட்டினேன். பந்து கைக்கு வந்தது. இறங்கும்போது வலது பாதம் சேற்றில் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முட்டி பலாக்கொட்டை நிறத்தில் பளபளவென்று வீங்கிவிட்டது.

தெருமுனைக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை. "எக்ஸ்ரேல லிகமென்ட் தெரியாது மேடம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடுங்க" என்று அங்கே இருந்த இளம் டாக்டர் சொன்னார். நேற்றுப் படித்து முடித்தவர் போல இருந்தார். எலும்பு உடையவில்லை என்கிறபோது இவர் எதற்கு வேறு எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். பதினாறு வருடம் விளையாட்டு சொல்லித்தருகிற எனக்கு முட்டியைப் பற்றி இவர் பாடம் எடுப்பதா? அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து பர்ஸில் வைத்தேன். அங்கேயே அது கிழிந்து போனது.

அடுத்த பத்து நாளும் வீட்டில் ஒரே கூட்டம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள். ஒருவர் முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக் கட்டச் சொன்னார். ஒருவர் நாட்டுக் கட்டுக்கு ஆந்திரா பக்கம் போகச் சொன்னார். இன்னொரு சகோதரி, என்ன பாவம் செய்தாய் என்று யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். என் வீட்டுக்காரர் ராஜன் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். அவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், பேச்சு குறைவு. "உள்ள என்ன அறுந்திருக்குன்னு பாக்காம மேல எண்ணெய் பூசி என்ன பிரயோஜனம்? ஸ்கேன் எடுத்துடலாம் பியூலா" என்றார். கட்டிய புருஷன் சொன்னதை எந்தக் காலத்தில் கேட்டேன், அன்றைக்குக் கேட்க?

கிரேஸ் அக்கா சொன்னதைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிற அக்காவைத்தான் சொல்கிறேன். இதோ, மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். என்மேல் கோபம். இருக்கட்டும். அவர் வாரம் இரண்டு தடவை வந்து முட்டியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். மருந்து மாத்திரையை நம்பினால் கர்த்தருடைய கை குறுகிவிடும் என்றார். அவர் தினமும் காலையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. நமக்கு வேண்டியதைச் சொல்கிறவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. வடியத்தான் செய்யும். லிகமென்ட் அறுந்தால் யார் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் சில வாரத்தில் வீக்கம் இறங்கும், வலி குறையும், நேராக நடக்க முடியும். அறுந்தது மட்டும் அறுந்தபடியே உள்ளே கிடக்கும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு கிரேஸ் அக்கா என் முட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார்.

"இந்த சண்டே சாட்சி சொல்லிடு பியூலா. தள்ளிப் போட்டா ஆசீர்வாதம் நின்னுடும்."

"படி எறங்கும்போது இன்னும் ஒரு மாதிரியா இருக்குக்கா. எலும்பு தனியா போறாப்ல."

"அது உன் சந்தேகம். முட்டில ஒண்ணும் இல்ல."

எனக்கும் அது இனிப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்தேன். முட்டியில் போட்டிருந்த எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி வீசினேன். இங்கிருந்து வாசல் வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி ஓடி வந்தேன். நீங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தீர்கள். நேராக ஓடினால் அறுந்த லிகமென்ட் காட்டிக்கொடுக்காது, திரும்பும்போதுதான் காட்டிக்கொடுக்கும். வாசலில் திரும்பும்போது என் முட்டி ஒரு கணம் வழுக்கியது. அதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

கிரேஸ் அக்கா அதைப் போனில் படம் பிடித்திருந்தார். அன்று மாலைக்குள் அந்த வீடியோ எத்தனை வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போனதோ தெரியாது. மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கே யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அவள் எங்கள் சபைகூடக் கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் என் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்று சொன்னால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பள்ளியில் விசில் ஊதினால் நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இங்கே பெரியவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள்.

இதற்கு நடுவில் முட்டி நழுவிக்கொண்டே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சட்டென்று திரும்பும்போது, மெட்ரோ படியில். ஒவ்வொரு தடவையும் உள்ளே எதையோ பிய்த்து எடுக்கிற வலி. அதை மறைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அந்த நேரத்தில் ஒரு புதுத் தொழிலே கற்றிருக்கலாம். வலது பக்கம் திரும்பமாட்டேன், இடது பக்கமாக முழு வட்டம் அடித்துத் திரும்புவேன். எகிற வேண்டிய இடத்தில் பிள்ளைகளை எகிறச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று அதட்டுவேன். ராஜன் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "கேபிள் அறுந்த லிப்ட்ட பிரேக்ல நிறுத்தி வைக்கலாம். ஆள் ஏத்தக் கூடாது" என்றார். "வாய மூடிட்டு சாப்பிடுங்க" என்றேன்.

தசரா விடுமுறையில் கிரேஸ் அக்கா என்னை ஊருக்கு வெளியே இருக்கும் சந்தாபுராவுக்கு அழைத்துப் போனார். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, பெரும்பாலும் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவர்கள். ஒரு காலி மனையில் ஷாமியானா போட்டு விசேஷக் கூட்டம் வைத்திருந்தார்கள். ராஜனும் வந்து கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாவது முறையாக என் சாட்சியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகு ஏறியிருந்தது. முட்டிக்குள் சூடான ஒளி பாய்ந்தது என்றெல்லாம் சேர்த்துக்கொண்டேன். கிரேஸ் அக்கா மைக்கை வாங்கி, "சிஸ்டர் பி.டி. டீச்சர். எப்படி எகிறுவாங்கன்னு இப்ப பாக்கப் போறீங்க" என்றார்.

எகிறினேன். வேறு என்ன செய்வேன்? அத்தனை கண்கள்.

இறங்கியதும் முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. கீழே விழுந்தேன். காலை நீட்டப் பார்த்தேன், நீளவில்லை. கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்டதுபோல உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு, கால் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. கிரேஸ் அக்கா மைக்கில், இது எதிராளியான சாத்தானின் தாக்குதல், சிஸ்டர் இப்போது எழுந்து நிற்பார் என்று அறிவித்தார். கூட்டம் முழுவதும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தது. நூறு பேர் என்னைச் சுற்றிக் கூப்பாடு போட்டார்கள், ஒருவருக்கும் என் காலுக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைக்கத் தோன்றவில்லை.

ஒரு பெண் மட்டும் நொண்டிக்கொண்டே வெளியே போய், ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, துப்பட்டா நுனியில் முடிந்து எடுத்து வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. என் முட்டியில் ஐஸை வைத்துவிட்டுக் காதருகில் குனிந்தாள்.

"அக்கா, என் பேரு பிலோமினா. ஸ்கூட்டர்ல விழுந்ததுல எனக்கும் லிகமென்ட் போயிடுச்சு, ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. கீஹோல் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. உங்க வீடியோ பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டேன். இப்ப நெஜத்த சொல்லுங்கக்கா. பண்ணிக்கட்டுமா, வேணாமா?"

இந்த இடத்தில் நன்றாகக் கேளுங்கள். என் கால் மடங்கிக் கிடக்கிறது. வலியில் கண் இருட்டுகிறது. இதற்கு மேலும் எதை மறைக்க வேண்டும்? பக்கத்தில் கிரேஸ் அக்கா மைக்கோடு நிற்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "விசுவாசமா இரு சிஸ்டர்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். அறுந்த முட்டியை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் சொன்னதையாவது ஏமாளித்தனம் என்று தள்ளிவிடலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

ராஜன் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். "குளியலறைல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. கர்த்தருடைய நாமம் கெட்டுடக் கூடாது" என்று கிரேஸ் அக்கா ஓடி வந்து சொன்னார். ஓசூர் ரோட்டில், போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரிக்கே ராஜன் கூட்டிப் போனார். அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். எப்படி அடிபட்டது என்று கேட்டார். குளியலறை என்றேன். அவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் நிஜ சொல்லுங்க. உங்க லிகமென்ட் அறுந்து ரெண்டு மூணு மாசம் ஆச்சு. எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற ஜவ்வு கிழிஞ்சு மடங்கி மாட்டிட்டது இன்னிக்கு. நடுவுல இத்தன நாள் என்ன பண்ணீங்க?"

ராஜன் சொன்னார், எல்லாவற்றையும், வீடியோ வரைக்கும். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் தினமும் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி கும்பிட்டுட்டுதான் எடுக்கறேன். உங்க ஆளுங்க மட்டும் ஏன் சாமிக்கும் டாக்டருக்கும் ஆகாதுன்னு நெனக்கறாங்க?" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். லிகமென்ட்டைத் தைத்து ஒட்ட முடியாது, தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்துப் புதிதாகப் பொருத்த வேண்டும். ஜவ்வைத் தைக்க முடியுமா, வெட்டி எடுக்க வேண்டுமா என்பது கேமரா உள்ளே போன பிறகுதான் தெரியும். வெட்டினால் ஓட்டம், எகிறல் எல்லாம் கஷ்டம், சில வருடத்தில் முட்டி தேய ஆரம்பிக்கும். அறுந்த முட்டியோடு நடந்துகொண்டே இருந்தால் எல்லோருக்கும் கடைசியில் இதுதான் கதி என்றார். எல்லோருக்கும் என்று அவர் சொன்னபோது பிலோமினா நொண்டிக்கொண்டு ஐஸ் வாங்கப் போனது என் கண்ணில் வந்தது.

நான்காம் நாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். விழிப்பாகத்தான் இருந்தேன். முட்டியில் சின்னச் சின்னத் துளைகள், சட்டைப் பித்தான் அகலம்தான் இருக்கும். ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. பக்கத்தில் ஒரு டிவி. "பாக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

உள்ளே தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் நைந்த மாப்பின் நூல்போல ஏதோ மிதந்தது. டாக்டர் ஒரு கம்பியால் அதைத் தொட்டுத் தூக்கிக் காட்டினார். "இதுதான் உங்க லிகமென்ட். பாருங்க, எங்கயும் ஒட்டல." நான் ஆறு மேடையில் ஆண்டவர் இணைத்தார் என்று சொன்ன லிகமென்ட் அது. ஒளி பாய்ந்தது என்று சொன்ன இடம் அது. தனக்கு உள்ளே இருக்கும் பொய்யை டிவியில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மரத்துப்போன உடம்போடு அழுதேன். மயக்க டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜவ்வைத் தைக்க முடிந்தது. ஓரத்தில் இன்னும் ரத்த ஓட்டம் இருந்ததாம். "இன்னும் நாலஞ்சு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா வெட்டித்தான் எடுத்திருப்பேன்" என்றார் டாக்டர். எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டிலிருந்தே கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்தேன். கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரும் நம்பரும் அவரிடம் இருக்கும். "பிலோமினா நம்பர் குடுங்கக்கா, அவகிட்ட உண்மைய சொல்லணும்" என்றேன். "உன் விசுவாசம்தான் போச்சு, அவளோடதையும் கெடுக்கப் பாக்கறியா?" என்று சொல்லி வைத்துவிட்டார். சரி என்று ஜெபக்குழுவின் வாட்ஸ்ஆப்பில் என் குரலிலேயே பதிவு செய்து போட்டேன். என் முட்டி ஆறவில்லை, ஆபரேஷன் செய்துகொண்டேன், முட்டி கெட்டவர்கள் டாக்டரிடம் போங்கள் என்று. ஐந்து நிமிடத்தில் அதை அழித்தார்கள். அடுத்த நிமிடம் என்னையே குழுவிலிருந்து நீக்கினார்கள். நான் ஓடுகிற வீடியோ மட்டும் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்களில் எத்தனை பேர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுக் கேட்காததுபோல் இருந்தீர்கள் என்று நான் கணக்கெடுக்க வரவில்லை. உங்களுக்கே தெரியும்.

ராஜன் இரண்டு முறை பைக்கில் சந்தாபுரா போனார். கார்மென்ட்ஸ் கேட் வாசலில், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களிடம் நொண்டி நடக்கிற பிலோமினா யார் என்று விசாரித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள். மூன்று பிலோமினாக்கள் கிடைத்தார்கள், ஒருத்தியும் அவள் இல்லை. வாட்ச்மேன் இவரைச் சந்தேகப்பட்டு விரட்டியதுதான் மிச்சம். அந்த மனையில் ஷாமியானாவும் இல்லை, ஜூஸ் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

தைத்த ஜவ்வு ஒட்டும்வரை ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஒருநாள் மதியம் குளிக்க, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, தைத்த காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டியிருந்தேன். அப்போதுதான் ஜெபித்தேன். நான் எப்படி ஜெபிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். என் முட்டி எக்கேடு கெட்டாலும் போகட்டும். அந்தப் பொண்ணு நான் சொன்னதை நம்பிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. என்னால அவளத் தேடிப் போக முடியல. நீரே ஏதாவது செய்யும். இவ்வளவுதான். ஆமென்கூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை. தினமும் அதே ஸ்டூலில் அதையே கேட்டேன்.

நவம்பர் கடைசியில் காலை ஊன்ற அனுமதி கிடைத்தது. பிசியோதெரபிக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய ஹால், வரிசையாகக் கட்டில். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நான் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கும்போது அடுத்த கட்டிலில் இருந்து ஒரு குரல்.

"மூச்சப் பிடிக்காதீங்கக்கா. விட்டுட்டு மடக்குங்க, வரும்."

பிலோமினா. முட்டியில் என்னுடையதுபோலவே பட்டை. என்னைவிட நன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தாபுராக்காரர்களுக்கு அதுதான் பக்கத்து ஆஸ்பத்திரி, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதிசயம் அங்கே அவளைப் பார்த்தது இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் பொய், என்னை மன்னித்துவிடு, எப்போது ஆபரேஷன் ஆனது, யார் உன்னிடம் சொன்னார்கள் என்று உளறினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யார் சொல்லணும்? நீங்க விழுந்தத நான்தான் பக்கத்துல இருந்து பாத்தேனே. மறுநாளே வந்து தேதி வாங்கிட்டேன். ஒம்பதாவது நாள் ஆபரேஷன்."

"நான் உன்கிட்ட விசுவாசமா இருன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். எங்க லைன்ல சூப்பர்வைசர் டெய்லி இதே மூஞ்சியோட, டார்கெட் ஈஸிதான்னு சொல்றாரு. எனக்குத் தெரியாதா? உங்க வீடியோவ நம்பினேன்கா, ஒத்துக்கறேன். ஆனா நேர்ல பாத்ததும் விட்டுடுச்சு."

அவளுக்கும் ஜவ்வைத் தைக்க முடிந்ததாம். சரியான நேரத்தில் வந்தாய் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதல் நாள் நான் அழுது ஜெபித்தபோது அவளுக்கு ஆபரேஷனே முடிந்துவிட்டிருந்தது. நான் ஒரு மாதத்துக்கு மேல் கெஞ்சிக் கேட்டது, கேட்பதற்கு முன்பே முடிந்திருந்தது. அதுவும் எப்படி? நான் மெருகேற்றிச் சொன்ன சாட்சியால் இல்லை. கிரேஸ் அக்காவின் எண்ணெயால் இல்லை. ஆண்டவர் என் வாயைத் தொடவே இல்லை, அது அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. நான் கீழே விழுந்ததை எடுத்து உபயோகப்படுத்தியிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய நன்றியை நான் வாழ்க்கையில் உணர்ந்ததும் இல்லை. அந்த ஹாலில், எல்லோர் முன்னாலும், பிலோமினாவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். "அக்கா, கால அசைக்காதீங்க, உள்ள தையல் இருக்கு" என்று அவள் அதட்டினாள்.

ஆபரேஷன் ஆகி இப்போது பத்து மாதம் முடிந்துவிட்டது. டாக்டர் ஓட அனுமதித்துவிட்டார். ஜூனில் பள்ளி திறந்ததும் மைதானத்துக்குத் திரும்பிவிட்டேன். கால் வலி என்று கடிதம் கொண்டுவருகிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். பாதிப் பேர் பொய்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதிக்காகக் கேட்கிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. முட்டி வலியோடு என் வீட்டுக்கு வந்து என்னிடம் தலையைக் குனிந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன். இதுவரை நான்கு பேரை அழைத்துப் போயிருக்கிறேன்.

நீங்களும் அவரை நம்புங்கள். ஜெபியுங்கள், நன்றாக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து போய் ஸ்கேன் எடுங்கள். அதற்காக அவருக்குக் கோபம் வராது. கோபம் வரும் என்று சொல்கிறவர்களின் கைப்பையைத் திறந்து பாருங்கள், மாத்திரை அட்டை இருக்கும். கர்த்தருடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். அவர் நம்மை நம்பி இல்லை. சாட்சி சொல்லவும் அவசரம் வேண்டாம், அவர் எங்கேயும் ஓடிப்போகமாட்டார்.

கடைசியாக ஒன்று. நான் இங்கிருந்து வாசலுக்கு ஓடுகிற அந்த வீடியோ இன்னும் உங்கள் போனில் இருக்கிறது. இல்லை என்று தலையாட்டாதீர்கள். போன வாரம்கூட ஒருவர் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வேறு யாரோ ஒரு பெண் தன் தேதியைத் தள்ளிவைப்பாள், அவள் முன்னால் விழுந்து காட்ட நான் இருக்கமாட்டேன். போனை எடுங்கள். இப்போதே அழியுங்கள். கிரேஸ் அக்கா, நீங்களும்தான். எல்லோரும் அழித்து முடிக்கும்வரை நான் இங்கிருந்து இறங்கப் போவதில்லை. இப்போது என்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும்.